டயருக்கு எம்புட்டுக் காத்து

யுவ வருஷம், ஆவணி 3, திங்கள்

விடிந்ததிலிருந்து புழுக்கம். ஆற்றுப் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்று இல்லை. உப்பு நாரத்தங்காயை மாடி வெயிலில் வைத்தேன். காக்காய்க்குக் காவல் இருக்க ஆளில்லை, பழைய வேட்டியைப் போட்டு மூடினேன்.

மத்தியானம் மோட்டார் வந்து சேர்ந்தது. பழசுதான். மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்புகிறார் என்று விற்றது. கறுப்பு நிறம். மேலே மடக்கும் கித்தான் கூரை. சிம்மக்கல்லில் எங்கள் மிளகாய் வத்தல் மண்டி வாசலில் நிறுத்தியதும் தெருவே கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு, துரையே தான்தான் என்பது போல நின்றார்.

எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. முத்துவுக்காக வாங்கியது இது. மகளுக்கு ஏழாம் மாசம் நடக்கிறது. போன தடவையும் ஏழாம் மாசத்தில்தான் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தோம், பஸ்ஸில். செக்கானூரணிக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளம். பஸ் தூக்கிப் போட்டதில் என் கையைப் பிடித்தவள் மதுரை வரும்வரை விடவில்லை. மறுநாள் எல்லாம் முடிந்தது. குலுக்கலால்தான் என்று சொல்ல முடியாது என்றாள் ஆஸ்பத்திரி நர்சம்மா. இல்லை என்றும் அவளால் சொல்ல முடியவில்லை.

இப்போது சம்பந்தியம்மா அனுப்ப மாட்டேன் என்கிறார். முத்துவின் மாமியார், செக்கானூரணிக்கு அப்பால் கிராமம். போன வாரம் போனபோது முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: “இந்தத் தடவ வண்டியும் வேணாம், பஸ்ஸும் வேணாம் மதினி. எம் மருமக இங்கனயே பெத்துக்கிடட்டும்.”

அங்கே என்ன இருக்கிறது? ஒரு மருத்துவச்சி. அவளுக்கும் கண் சரியாகத் தெரியவில்லை. இங்கே என்றால் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். ஏழு தப்பினால் ஒன்பதாம் மாசம்தான் அழைக்க முடியும். அது ஐப்பசி. மழை பிடித்தால் அந்த ரோட்டில் மாடே போகாது. ஆகவே இந்த ஆவணிதான். குலுங்காத வண்டி கொண்டு வருகிறோம் என்று இவர் வாக்குக் கொடுத்து விட்டார்.

சாயங்காலம் ஏறிப் பார்த்தேன், நாகமலை வரை. வண்டியா இது. பல்லும் பல்லும் மோதின. கட்டை வண்டியாவது மெதுவாகக் குலுக்கும்.

ஆவணி 4, செவ்வாய்

வெயில். மோர் சீக்கிரம் புளித்துவிட்டது.

டிரைவர் வைத்தாயிற்று. காசிம் பாய். நேற்று வண்டியைக் கொண்டு வந்தவர்தான், முன்பு தேனி பஸ் ஓட்டினவர். இனிமேல் பாய் என்று எழுதுகிறேன். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் ஒரு பஸ் கதை வைத்திருக்கிறார். குலுங்குகிறதே என்றேன்.

“அது காத்து சமாச்சாரம்க்கா. டயருல அறுபது பவுண்டு வச்சிருக்கேன். கல்லு மாதிரி நிக்கும். இன்ஷா அல்லா பஞ்சரே ஆகாது.”

“கல்லு மேல உக்காந்து எப்படி பாய் பிள்ளத்தாச்சி வருவா?”

தாடியைத் தடவினார். பஸ்ஸில் யாரும் இப்படிக் கேட்டதில்லையாம்.

சக்கரத்தில் காற்று எவ்வளவு என்பதுதான் விஷயம் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். காற்றுக்கும் எடை உண்டு, பவுண்டுக் கணக்கு. அளக்க ஒரு கருவி கூடவே வந்திருக்கிறது, பென்சில் மாதிரி. டயரின் மூக்கில் அழுத்தினால் பின்னாலிருந்து நாக்கை நீட்டுகிறது. நாக்கில் எண்.

சரி, எவ்வளவு வைக்க வேண்டும்? கேட்டவரை:

பாய்: அறுபது. பஸ்ஸுக்கு அம்புட்டுத்தான்.
இவர்: காரோடு வந்த இங்கிலீஷ் புஸ்தகத்தில் ஐம்பது. அச்சில் இருக்கிறது, அப்பீல் கிடையாது.
எதிர்வீட்டு வக்கீல்: முப்பத்தைந்து. அது அவருடைய காருக்கு. நம் காரை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
சைக்கிள் கடைக்காரர்: அளவு எதற்கு, கட்டைவிரலால் அமுக்கினால் தெரியாதா. அவர் கட்டைவிரல் எங்கள் வீட்டு மத்து.
நாத்தனார் (இவருக்கு மூத்தவர், எங்களோடு இருப்பவர்): “காத்துல என்னாத்தா இருக்கு. எல்லாம் நேரத்துல இருக்கு.”

ஆளுக்கு ஒரு எண். மகள் எனக்கு ஒருத்திதான்.

ஆவணி 5, புதன்

வண்ணான் வரவில்லை. நேற்றுப் போட்ட அழுக்கு அப்படியே.

பால் காய்ச்சும்போது ஒரு யோசனை. பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிச் சோதிக்க முடியாது. நிறைசொம்பை ஏற்றிச் சோதிக்கலாமே. விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பின் சீட்டில் கொண்டு போவது, நாகமலை போய்த் திரும்புவது, மிச்சத்தை ஆழாக்கால் அளப்பது. எவ்வளவு சிந்தியதோ அவ்வளவு குலுக்கல். இவர் சிரித்தார். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் இறங்கியதும் அவர்தான்.

புஸ்தகப்படி ஐம்பது வைத்தோம். சொம்பை மடியில் வைத்துக்கொண்டேன். போனோம், வந்தோம். ஒரு சொட்டுச் சிந்தவில்லை!

“பாத்தியா? புஸ்தகம்னா புஸ்தகம்தான்” என்றார். பாய்க்கு முகம் வாடிவிட்டது, அறுபது தோற்றதில்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் இடுப்பு விட்டுப் போகிற மாதிரி வலி, சொம்பு மட்டும் கோவில் தெப்பக்குளம் போல அசையாமல் இருக்கிறது.

சாயங்காலம் கிணற்றிலிருந்து குடம் எடுத்து வரும்போது விளங்கிற்று. வாசல்படி ஏறினேன், பூனை குறுக்கே ஓடிற்று, நாத்தனார் கூப்பிட்டார், திரும்பிப் பார்த்தேன். குடம் தளும்பவில்லை. எப்படித் தளும்பும்? எட்டு வயசிலிருந்து சுமக்கிற இடுப்பு. வண்டி எத்தனை தூக்கிப் போட்டாலும் என் உடம்பு தண்ணீரைத் தாங்கிக்கொண்டு, அடி முழுவதையும் தானே வாங்கியிருக்கிறது. சொம்பை நான் பிடித்தால் சோதனையே செல்லாது.

இவரிடம் சொன்னேன். அரை நாள் ஜெயம் போன துக்கம் அவருக்கு.

ஆவணி 7, வெள்ளி

தலைக்கு எண்ணெய். பேச்சி அம்மனுக்கு எலுமிச்சை விளக்கு. முத்துவிடமிருந்து தகவல் இல்லை.

இன்றைக்குச் சொம்பு தனியாக. பின் சீட்டில் சும்மாடு சுற்றி, நடுவில் சொம்பு. பாரத்துக்கு ஆள் வேண்டுமே? முத்து எடைக்கு ஒரு மூட்டை, என் எடைக்கு ஒரு மூட்டை என்று ஏற்பாடு. “உன்னை மண்டித் தராசுல ஒரு தடவை ஏத்தி நிறுத்துரலாமா?” என்றார். நான் பார்த்த பார்வையில் கண் மதிப்பே போதும் என்று தீர்மானமாயிற்று. என் மூட்டையைக் கொஞ்சம் பெரிதாகவே எடுத்ததைக் கவனித்தேன்.

மண்டியில் என்ன மூட்டை இருக்கும்? வத்தல் மூட்டை. கூரையை வேறு மடக்கி விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது இவருக்கும் பாய்க்கும் கண் கோவைப்பழம். நாகமலை வரை தும்மிக்கொண்டே போய், தும்மிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒரு தும்மலில் வண்டி ரோட்டை விட்டு இறங்கிற்றாம்.

சொம்பில் பாதி. தும்மல் எவ்வளவு, ஐம்பது பவுண்டு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நாத்தனார் சிரித்துப் புரையேறிப் படுத்துக்கொண்டார்.

நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. நாள் போகிறது.

ஆவணி 8, சனி

இன்று கொத்தமல்லி மூட்டை. தும்மல் இல்லை. ஐம்பதில் மறுபடி பாதிச் சொம்புதான் மிச்சம். அப்படியானால் புஸ்தகம் தப்பா? அச்சில் தப்பு வராது என்கிறார். துரைமார் உடம்பு வேறு, அவர்களுக்குக் குலுக்கல் உறைக்காது என்று ஒரு விளக்கம்.

மத்தியானம் அவர் தூங்கும்போது புஸ்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இங்கிலீஷ் எனக்கு வராது. படம் பார்க்கலாமே. ஒரு பக்கத்தில் காரின் படம். சக்கரம் ஒல்லியாக, கட்டை வண்டிச் சக்கரம் போல. எழுந்து போய் வாசலில் நம் காரைப் பார்த்தேன். சக்கரம் குண்டு. உளுந்த வடை.

அவர் எழுந்ததும் காட்டினேன். “படம் போட்டவன் ஒல்லியாப் போட்டிருப்பான்” என்றார். படம் போடுகிறவனுக்குச் சக்கரத்தின் மேல் என்ன விரோதம்? சண்டை. ராத்திரி சோற்றில் உப்புக் குறைந்ததாம், சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

ஆவணி 10, திங்கள்

தூற்றல். மண் நனையவில்லை, சூடு கிளம்பியதுதான் மிச்சம்.

இவர் காலையில் சொல்லாமல் டயர்க் கடைக்குப் போய் வந்திருக்கிறார். துரை பழைய சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இப்போது வரும் அகல டயரைப் போட்டிருக்கிறாராம். பலூன் டயர் என்று பெயர். காற்று மிகக் குறைவாக வைக்க வேண்டும், ஆனால் எவ்வளவு என்பது வண்டியையும் பாரத்தையும் பொறுத்தது என்று கடைக்காரர் கையை விரித்து விட்டார். என்னிடம் வந்து, “சக்கரம் மாத்தினது” என்று மட்டும் சொன்னார். “அப்படியா” என்று மட்டும் சொன்னேன். முப்பது வருஷக் குடித்தனத்தில் இதெல்லாம் பழக்கம்.

குறைவு என்று கேட்டதும் அவருக்கு வேகம். ஒரேயடியாக இருபதுக்கு இறக்கிவிட்டார். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். நானும் ஏறினேன், சும்மா சொல்லக்கூடாது, தொட்டில்தான். பஞ்சு மெத்தைதான். நாகமலை கண்ணில் படும் வரை எனக்குப் புன்னகை.

பிறகு ஒரு கல். பெரிசு கூட இல்லை. டப். வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. டியூபைக் கழற்றினால் பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொத்தல். டயர் ரொம்ப மெத்தென்று இருந்தால் கல்லில் மடிந்து, டியூபை இரும்போடு வைத்துக் கடித்துவிடுமாம்.

பாய் ஒட்டுப்போட்டு முடிக்கும் வரை புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். முத்து இருக்கும்போது இப்படி ஆகியிருந்தால்? கல்லானாலும் ஆபத்து, பஞ்சானாலும் ஆபத்து. எனக்கு அழுகை வந்தது. இவர் பார்க்காத மாதிரி மலையைப் பார்த்தார். பாய்தான் சொன்னார்: “விடுங்கக்கா. அறுபதும் இல்ல, இருபதும் இல்ல. நடுவுல எங்கயோ அல்லா வச்சிருக்கான். தேடிருவோம்.”

இன்றைக்கு ஒரு பஸ் கதையும் சொல்லவில்லை அவர்.

ஆவணி 13, வியாழன்

அமாவாசை. வாழைக்காய், பூசணி. காக்காய்ச் சோறு.

வண்டி எடுக்கவில்லை. ஆனால் ஒரு விசித்திரம். காலையில் முப்பது என்று அளந்து வைத்த டயர், மத்தியானம் வாசல் வெயிலில் நின்ற பிறகு முப்பத்து நாலு காட்டிற்று. யாரும் பம்பைத் தொடவில்லை. வெயிலில் காற்றும் வீங்குகிறது. அப்பளத்துக்கு உண்டான புத்தி. இத்தனை நாளும் மண்டி வேலை முடித்து, மத்தியானம் சுட்ட டயரில் அளந்து, சாயங்காலம் ஓட்டிக்கொண்டிருந்தோம். எண்ணெல்லாம் முன்னுக்குப் பின் முரணாய் வந்தது இதனால்தானோ. இனி விடியற்காலையில் அளப்பது, உடனே ஓட்டுவது.

மாப்பிள்ளை மண்டிக்கு வந்து போனார். முத்து சௌக்கியம். ராத்திரியில் குழந்தை உதைக்கிறதாம். இதைச் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார். நல்ல பிள்ளை. “அம்மா இன்னும் சரின்னு சொல்லல அத்த” என்றார்.

ஆவணி 15, சனி

குளிர்ந்த காற்று, காலையில் மட்டும்.

கிடைத்துவிட்டது!

பின் சக்கரம் இருபத்தெட்டு. முன் சக்கரம் இருபத்தாறு. முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பாரம் பின்னால்தானே. இதைப் பாய் சொன்னாரா, நான் சொன்னேனா என்று இப்போது தகராறு. இவர் தான் சொன்னதாகச் சொல்கிறார்.

சொம்பில் போனது ஒரு கை அள்ளும் அளவு. அவ்வளவே. கல்லில் ஏறினோம், வேண்டுமென்றே. டியூபுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின்னால் இரண்டு பேர், முன்னால் இரண்டு பேர். அதற்கு மேல் பாரம் ஏறினால் மடியும் என்கிறார் பாய். நாலு பேர் போதுமே. முத்து, நான், பாய், மாப்பிள்ளை.

நானும் முத்துவும் பின்னால். அவள் தலை என் மடியில். மனசுக்குள் அந்த வழி முழுக்க ஒரு தடவை போய் வந்துவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு ஆள் அனுப்பியிருக்கிறது. சம்பந்தியம்மாவே வந்து ஏறிப் பார்க்கட்டும்.

ஆவணி 17, திங்கள்

நேற்றுப் பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை மிச்சம். புட்டுத் திருவிழாவுக்குப் பந்தல் கட்டுகிறார்கள், ஊருக்குள் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது.

சம்பந்தியம்மா வந்தார். காப்பி வேண்டாம், உட்காரச் சொன்னால் வேண்டாம். “எங்க மதினி ஒங்க காரு?”

சொம்பைக் காட்டினேன். விவரம் சொன்னேன். “சொம்பு கிடக்கட்டும். அந்தப் பள்ளத்துக்கு ஓட்டச் சொல்லுங்க” என்றார்.

போனோம். பின்னால் நாங்கள் இரண்டு பேர். அவர் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தான்தான் பிள்ளைத்தாய்ச்சி போல. பள்ளம் வந்தது. பாய் மெதுவாக இறக்கி ஏற்றினார். வண்டி ஒரு தடவை அமுங்கி எழுந்தது. அவ்வளவுதான். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“இன்னும் வரலையா?”

“தாண்டிட்டோம் மதினி.”

கண்ணைத் திறந்து, பின்னால் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அன்னைக்கு இன்னொரு நாளு இருந்துட்டுப் போகட்டும்னு எம் மகென் சொன்னான் மதினி. நாந்தேன், நல்ல நாளு தப்பிரும்னு பஸ் ஏத்தி அனுப்புனேன். ஒங்களுக்குத் தெரியாது. அன்னையிலருந்து எனக்குத் தூக்கமில்ல.”

இத்தனை மாசமும் என் மேல் கோபம் என்றல்லவா நினைத்தேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பினாரே, அது இதுதானா. கையைப் பிடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அழைத்துக்கொள்ளலாம் என்றார். வளர்பிறை. ராகு காலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும்.

ஆவணி 19, புதன்

நிற்க நேரமில்லை. கட்டுச்சோற்றுக்குப் புளி கரைத்தாயிற்று. தேங்காய் துருவ நாத்தனார். வளையல் வாங்கியாயிற்று, பச்சையும் சிவப்பும். அண்டா, தூக்குப் போணி, பெரிய குண்டான் எல்லாம் புளி போட்டுத் தேய்த்தது.

மூன்று பேராகப் போகிறோம்: நான், நாத்தனார், வக்கீல் சம்சாரம். இவர் வரவில்லை, பொம்பளை காரியம். போகும்போது பாத்திரமும் ஆளும் பாரம், ஆகவே முப்பத்தெட்டு வைத்துக்கொண்டு போய், அங்கே நிழலில் நிறுத்தி, ஆறவிட்டு, காற்றை இறக்கி இருபத்தெட்டாக்கித் திரும்புவது. மற்ற இருவரும் பஸ்ஸில் வந்துவிடுவார்கள். பாய்க்கு இரண்டு தடவை ஒப்பித்துக் காட்டினேன். “மனப்பாடம்க்கா” என்றார்.

ஆவணி 21, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. உட்கார முடியாததால். இன்று குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணல்.

நேற்று எல்லாம் நல்லபடி. முத்துவுக்கு வளையல் அடுக்கி, சோறு ஊட்டி, ஊர்ப் பெண்கள் ஆளாளுக்குக் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். என் மகள் முகம் நிறைந்து இருந்தது. வெளியே வேம்பு நிழலில் பாய் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார். புஸ்ஸென்ற சத்தத்துக்கு ஊர்ப் பிள்ளைகள் கூட்டம். இருபத்தெட்டு, இருபத்தாறு. கருவியை எனக்குத் தூரத்திலிருந்தே தூக்கிக் காட்டினார்.

கிளம்பும் நேரம். உள்ளிருந்து நாலு ஆள் அண்டாவைத் தூக்க மாட்டாமல் தூக்கி வருகிறார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் யோசித்தோமே, இதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. பிறந்த வீட்டிலிருந்து போன பாத்திரத்தை எந்த வீட்டில் வெறுமனே திருப்பி அனுப்புவார்கள்? அண்டா நிறைய அரிசி. குண்டான் நிறைய நிலக்கடலை. தூக்குப் போணியில் நெய். மொச்சை ஒரு சாக்கு. இரண்டு பூசணிக்காய். எல்லாம் காரில் ஏறிற்று. பிறகு சம்பந்தியம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். “நானும் வாரேன். கூட வந்து இறக்கி விட்டாத்தேன் எனக்கு நிம்மதி.”

பாய் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “மடியுதுக்கா. அன்னைக்கு இருபதுல மடிஞ்ச மாதிரியே மடியுது.”

“மறுபடி அடிச்சா?”

“நாப்பதாவது வேணும். அப்புறம் குலுக்கலுக்கு நான் பொறுப்பில்ல.”

பாத்திரத்தை இறக்கினால் மட்டும் போதாது, மூன்று பேர் பின்னால் உட்கார்ந்தாலும் மடியும், முத்து காலை நீட்டவும் முடியாது. சம்பந்தியம்மாவை வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன், அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு? மாப்பிள்ளை விஷயம் தெரிந்து, “நான் எறங்கிக்கிறேன் அத்த” என்றார். மாப்பிள்ளையை இறக்கிவிட்டு மாமியார் காரில் போனாள் என்று மூன்று தலைமுறைக்குச் சொல்வார்கள். ராகு காலம் வேறு நெருங்குகிறது. சம்பந்தியம்மா வீட்டுக் கட்டை வண்டி ஓரமாக நின்றது. மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது.

“அண்டாவும் நானும் வண்டியில வாரோம்” என்றேன். “பாத்திரத்துக்கு ஒரு ஆளு வேணுமில்ல.”

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் சாக்கை இறக்க ஆரம்பித்துவிட்டேன். முத்து என்னையே பார்த்தாள். அவளுக்குத் தெரியும், இந்த வழிக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று. பின் சீட்டில் தலையணை வைத்து, அவள் காலைத் தூக்கி வைத்து, கதவைச் சாத்தினேன். சம்பந்தியம்மா அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பாய் கருவியை இன்னொரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு ஏறினார். புழுதி அடங்கும் வரை நின்றேன்.

வக்கீல் சம்சாரம் செக்கானூரணியில் பஸ் ஏறிக்கொண்டார், புத்திசாலி. நாத்தனார் என்னோடு வந்தார். வழி முழுக்க, “காரு வாங்கி கட்டவண்டியில வர்ற ஒரே பொம்பள நீதான்த்தா” என்று. ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும், சொம்போடு எண்ணிய கல் அல்லவா. ஒன்று விடாமல் வாங்கினேன். அண்டா அரிசி சிந்தக் கூடாது என்று அதையும் கையால் அணைத்துக்கொண்டு வந்தேன், வேலையைப் பார்.

சிம்மக்கல் வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. கார் மண்டி வாசலில். நாலு சக்கரமும் நிறைந்து நின்றன. இவர் வாசலில். என்னைக் கண்டதும் முதலில் சொன்னது: “தூங்குறா.”

“எப்ப வந்தாக?”

“எப்பவோ வந்தாச்சு. நாகமலைக்கு முன்னாலயே தூங்கிட்டாளாம். எறங்கறதுக்கு எழுப்பினாக. சாப்பிட்டு மறுபடி தூங்குறா.”

உள்ளே போய்ப் பார்த்தேன். ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்து, சின்னப் பிள்ளையில் தூங்குகிற மாதிரியே. சந்தனம் கன்னத்தில் காய்ந்திருந்தது. காரில் தூங்கியிருக்கிறாள். அந்தத் தூக்கத்தை நான் பார்க்கவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது, யாரிடம் மறைக்க. சந்தோஷமும் இருந்தது.

கீழே உட்காரப் போனேன், முடியவில்லை. பாதியில் நின்றுவிட்டேன். சுவரைப் பிடித்தேன். சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் போலும். எழுந்து அடுப்படிக்குப் போய், அவர் வீடு போலவே நல்லெண்ணெய் எது என்று தேடி எடுத்து, சுட வைத்துக் கொண்டு வந்தார்.

“குப்புறப் படுங்க மதினி.”

“ஐயோ, நீங்க போயி எனக்கு…”

“படுங்கன்னா படுங்க.”

படுத்தேன். கனத்த கை. வயல் வேலை பார்த்த கை. இடுப்பில் எங்கே வலி என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

“புள்ள உதைக்கிறது எங் கையில பட்டுச்சு மதினி, காருல வரும்போது” என்றார். “முழிச்சுக்கிட்டுத்தேன் வந்துச்சு. இவதான் தூங்குனா.”

எந்தப் பக்கம் உதைத்தது என்று கேட்டேன்.

அப்போது உள்ளிருந்து முத்து: “பசிக்குது.”

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தோம். அடுப்படிக்கு முதலில் போனது அவர்தான். எனக்கு இடுப்பு நிமிர நேரமாயிற்று.